வாயுவை அடைப்பதா, விடுவதா? – தாம்பரம் வட்டாரத்தில் வீட்டில் நொதிபானம் செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

இரும்புலியூர், பெருங்களத்தூர், முடிச்சூர், சேலையூர் பக்கங்களில் வீட்டிலேயே இஞ்சி பீர், கொம்புச்சா, பழ வினிகர் என்று ஊறவைத்துப் பழகிவரும் அன்பர்களுக்கு,



சென்ற கத்திரி வெயிலில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுச் சமையல் மேடையில், இஞ்சி பீர் அடைத்து வைத்திருந்த கண்ணாடி பாட்டில் ஒன்று நள்ளிரவில் வெடித்தது. பக்கத்தில் யாரும் இல்லாததால் காயம் இல்லை. காலையில் போய்ப் பார்த்தேன். எதிர்ச்சுவர் அலமாரியின் பிளைவுட் கதவில், விரல் நகம் அளவு கண்ணாடிச் சில்லு ஒன்று பாதி உள்ளே இறங்கி நின்றிருந்தது. பிள்ளைகளின் பள்ளிக்கூட டிபன் டப்பாக்கள் வைக்கும் அலமாரி அது. செய்தவர் அசட்டையாக இருக்கிற ஆள் இல்லை. புத்தகம் சொன்ன மாதிரி பாட்டில் வாங்கி, புத்தகம் சொன்ன நாள் கணக்கில் வைத்தவர். ஆனால் அந்தப் புத்தகம் பியர் செய்பவர்களுக்காக, குளிர்ந்த ஊரில் எழுதப்பட்டது. அதிலுள்ள பாத்திர யோசனையை இஞ்சி பீருக்கும் கொம்புச்சாவுக்கும், அதுவும் நம் ஊர் வெயிலில், அப்படியே பின்பற்றக் கூடாது. இதைச் சொல்லத்தான் இந்த மடல்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் வீட்டில் பியர் காய்ச்சுவதற்கு அனுமதி கிடையாது. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அமெரிக்காவில் 1978இல் வந்த சட்டத்துக்குப் பிறகு வீட்டுத் தேவைக்குக் காய்ச்சிக்கொள்ளலாம் என்றாயிற்று. அங்கே இருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அதைப் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள். விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் கம்பி மூடி பாட்டில்களும், வாயு வெளியேறும் நீர்ப்பூட்டும், இரண்டு புத்தகங்களும் கொண்டுவந்து தருகிறார்கள். வம்பு அங்கேதான் தொடங்குகிறது. சாமான் நல்ல சாமான். அதோடு வரும் அறிவுரை நம் பானத்துக்குப் பொருந்தாது.

பியர்க்காரர்கள் இரண்டாம் நொதிப்புக்கு என்று ஒரு பாத்திரம் வைத்திருந்ததன் நோக்கமே வேறு. முதல் பாத்திரத்தில் ஈஸ்ட் பெருத்து, சர்க்கரையைத் தின்று முடித்து, அடியில் மண்டியாகப் படியும். அந்த மண்டியின் மேலேயே பானம் நெடுநாள் கிடந்தால் சுவை கெடும் என்று பயந்து, மேல் தெளிவைக் குழாய் வைத்து இன்னொரு பாத்திரத்துக்கு இறுத்தார்கள். பெரும்பாலும் 19 அல்லது 20 லிட்டர் பிடிக்கும் குறுகிய கழுத்துள்ள கண்ணாடிக் குடுவை. அங்கே பெரிதாக ஒன்றும் நொதிப்பதில்லை. தெளிவதுதான் நடக்கும். மிச்சம் மீதி வாயுவும் நீர்ப்பூட்டு வழியாக வெளியே போய்விடும். குடுவைக்கு அழுத்தம் என்பதே இல்லை. இப்போது அந்த நாட்டுக்காரர்களே பலர் இந்த இரண்டாம் பாத்திரத்தைக் கைவிட்டுவிட்டார்கள். மாற்றும்போது காற்றுப் படுவதால் வரும் கேடு, மண்டியால் வரும் கேட்டை விடப் பெரியது என்று அனுபவத்தில் கண்டுகொண்டார்கள்.

நாம் இரண்டாம் நொதிப்பு என்று செய்வது இதற்கு நேர் எதிரான வேலை. மூடியை இறுக்கி, உண்டாகும் வாயு முழுவதையும் உள்ளே அடைத்து, பானத்தைச் 'சுர்ர்' என்று ஆக்குகிறோம். ஆகவே பாத்திரம் தேடித் தாம்பரம் சண்முகம் சாலைக் கடைகளுக்குக் கிளம்பும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி கண்ணாடியா, பிளாஸ்டிக்கா, எவர்சில்வரா என்பதில்லை. இந்தக் கட்டத்தில் வாயு உள்ளே தங்க வேண்டுமா, வெளியே போக வேண்டுமா என்பதுதான். அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்த மாதிரி.

வாயு தங்க வேண்டும் என்பவர்கள் ஒரு சின்னக் கணக்கைப் பொறுமையாகப் பாருங்கள். ஒரு லிட்டர் பானத்தில் 4 கிராம் சர்க்கரை நொதித்தால் ஏறத்தாழ 2 கிராம் கரியமில வாயு வரும். அதை வெளியே எடுத்து அளந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் இடம் பிடிக்கும். இதை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். பியர் செய்பவர் சர்க்கரை எல்லாம் தீர்ந்த பிறகுதான் பாட்டிலில் அடைக்கிறார். அடைக்கும்போது லிட்டருக்கு 6, 7 கிராம் சர்க்கரையை எடை போட்டுச் சேர்க்கிறார். ஏற்கனவே கரைந்திருப்பதோடு சேர்ந்து சுமார் 2.5 பங்கு வாயு வரும். அதற்கு மேல் வர வழியே இல்லை, ஏனென்றால் தின்பதற்கு மேற்கொண்டு சர்க்கரை இல்லை. ஒரு மாதம் மறந்துபோனாலும் பாட்டில் பத்திரமாக இருக்கும்.

இஞ்சி பீரிலும் கொம்புச்சாவிலும் கதை அப்படியில்லை. இனிப்பு மிச்சம் இருக்கும்போதே அடைக்கிறோம். அந்த இனிப்புதான் குடிப்பதற்கு இதமாகவும் இருக்கிறது. லிட்டருக்கு 40 கிராம் சர்க்கரை மிச்சமிருக்கிறது என்று வையுங்கள். நாக்குக்கு அது லேசான தித்திப்பு, அவ்வளவுதான். அத்தனையும் மூடிய பாட்டிலுக்குள் நொதித்தால் 10 பங்கு வாயு. ஷாம்பெயின் செய்பவர்கள் இரண்டாம் நொதிப்புக்குச் சேர்ப்பதே லிட்டருக்கு 24 கிராம்தான். அதைத் தாங்கவே அவர்களுடைய 750 மில்லி பாட்டில் வெறும் கண்ணாடியாக 800 கிராமுக்கு மேல் கனக்கிறது. அப்படியும் 19ஆம் நூற்றாண்டில் அந்த நிலவறைகளில் பாட்டில்கள் வரிசை வரிசையாக வெடித்ததால், வேலையாட்கள் இரும்பு முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். எவ்வளவு சர்க்கரை போட்டால் எவ்வளவு அழுத்தம் வரும் என்று 1830களில் கணக்குப் பிடித்த பிறகுதான் அந்தத் தொல்லை குறைந்தது. நம் வீட்டில் சர்க்கரையை எடைபோட்டுச் சேர்த்தவர்கள் கூட, மேலே லிட்டருக்கு 100 கிராம் மாம்பழக் கூழைக் கண் அளவாகப் போட்டுவிடுகிறார்கள். நன்கு பழுத்த மாம்பழக் கூழ் 100 கிராமில் 14 கிராம் போலச் சர்க்கரை இருக்கும். அதுவே தனியாக 3.5 பங்கு.

நம் பானத்தைக் கட்டுக்குள் வைப்பது சர்க்கரையின் அளவு அல்ல, நேரமும் குளிர்ச்சியும்தான். சரியான சமயத்தில் எடுத்து ஃப்ரிட்ஜில் வைக்கிறோமே, அது ஒன்றுதான் நமக்குக் காவல். அந்தச் சமயம் எப்போது வரும் என்பதை நம் ஊரில் நாள்காட்டி பார்த்துச் சொல்ல முடியாது. 20 டிகிரியில் ஒரு வாரம் ஆகிற வேலை, மே மாதத்து மேல்மாடி வீட்டில், மொட்டை மாடிக்குக் கீழே உள்ள சமையலறையில், ஒன்றரை நாளில் முடிந்துவிடலாம். மார்கழியில் அதே வீட்டில் நான்கு நாள் ஆகலாம்.

வெப்பம் இன்னொரு விதத்திலும் வேலை செய்கிறது. சூடு ஏற ஏறப் பானத்தால் வாயுவைக் கரைத்து வைத்திருக்க முடியாமல் போகும். 2.5 பங்கு வாயு உள்ள ஒரே பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில் இருக்கும்போது உள்ளே இருக்கும் அழுத்தம், வெளியில் இருப்பதை விட வளிமண்டல அழுத்தத்தில் சுமார் முக்கால் மடங்குதான் அதிகமிருக்கும். 20 டிகிரியில் அது சுமார் 1.8 மடங்கு அதிகம். 35 டிகிரியில் 3 மடங்கையும் தாண்டிவிடும். கார் டயருக்கு நாம் அடிக்கும் காற்றே 2 மடங்கைச் சுற்றித்தான். புதிதாக ஒரு துளி சர்க்கரை கூட நொதிக்காமலே, வெறும் வெயிலால், அதே பாட்டில் இப்படி மாறிவிடுகிறது. மின்சாரம் நீண்ட நேரம் போனால் ஃப்ரிட்ஜ் என்ற காவலும் போய்விடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் எப்படி இருந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகையால் நுரைக்கும் பானத்துக்கு என் தீர்ப்பு இதுதான்: சோடா, கூல்டிரிங்க்ஸ் வந்த ஒன்று அல்லது இரண்டு லிட்டர் பெட் பாட்டில். பார்க்க அழகில்லை, உண்மை. விருந்தாளிக்கு முன் வைக்கக் கூச்சமாக இருக்கும். ஆனால் அழுத்தம் தாங்கவே செய்யப்பட்ட பாத்திரம் நம் தெருக்கடையிலேயே கிடைக்கிறது என்றால் அது ஒன்றுதான். அடியைத் திருப்பிப் பாருங்கள். ஐந்து கால்கள் போலப் பிதுங்கி நிற்கும். உள்ளிருந்து தள்ளும் வாயுவைத் தாங்க அந்த வடிவம். தண்ணீர் பாட்டிலின் அடி அப்படி இருக்காது. சுவரும் மெல்லியதாக, வரிவரியாக நசுங்கும். தண்ணீர் பாட்டிலை இதற்கு எடுக்கவே கூடாது. சோடா பாட்டிலில் கழுத்துக்குக் கீழே இரண்டு விரல் இடம் விட்டு ஊற்றி, மூடியை இறுக்கி, உள்ளங்கையால் பக்கத்தை அழுத்திப் பாருங்கள். முதல் நாள் கைக்கு இணங்கும். வாயு சேரச் சேர விறைக்கும். கட்டை விரலை ஊன்றி அழுத்தியும் குழியவில்லை என்றால் ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டிய நேரம். வெயில் நாளில் காலை, மாலை, படுக்கும் முன் என்று கை வைத்துப் பாருங்கள். உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கண்ணாடி இப்படிச் சொல்லவே சொல்லாது. பெட் பாட்டில் மீறிப் போனாலும் பெரும்பாலும் மூடி கசியும், அல்லது கிழியும். சில்லு பறக்காது.

பெட் பாட்டிலுக்கும் ஆயுள் உண்டு. கொதிநீர் ஊற்றினால் சுருங்கிவிடும். கம்பி பிரஷ் போட்டால் உட்புறம் கீறி, அந்தக் கீறலில் கிருமி குடியேறும். மடிந்த இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்தால் தூக்கிப் போடுங்கள். சில தடவைக்கு மேல் ஒரு பாட்டிலை இழுக்க வேண்டாம்.

கண்ணாடியே வேண்டும் என்பவர்களைத் தடுக்க மாட்டேன். கண்ணாடி மணம் ஏற்காது, அமிலத்துக்கு அசையாது, கழுவ எளிது. எந்தக் கண்ணாடி என்பதில்தான் எச்சரிக்கை வேண்டும். சதுரமான, எண்ணெய் வைக்கவும் அழகுக்கும் விற்கும் கம்பி மூடி பாட்டில்கள் அழுத்தத்துக்கு ஆகாது. மூலைகளில் இறுக்கம் குவிந்து அங்கேதான் விரிசல் விடும். உருண்டையான, கனமான, வாயு நிறைந்த பானம் வந்த பாட்டிலாக இருக்கட்டும். காயலான் கடையிலிருந்து எடுத்தால் தோளிலும் அடியிலும் விரலை ஓட்டிப் பாருங்கள். பலமுறை தொழிற்சாலைக்குப் போய் வந்த பாட்டிலில் உரசி உரசி வெள்ளை வளையம் விழுந்திருக்கும். பலவீனம் அந்த இடம்தான். அப்புறம், கண்ணாடியில் எத்தனை பாட்டில் அடைத்தாலும் அதே பானத்தை ஒரு பெட் பாட்டிலிலும் ஊற்றிப் பக்கத்திலேயே வையுங்கள். அது விறைத்ததும் மொத்தத்தையும் ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடலாம். தினம் ஒருதடவை மூடியைத் திறந்து வாயு விட்டால் போதாதா என்று கேட்பீர்கள். குளிர்ந்த ஊரில் போதும். கத்திரியில் ஒரு நாள் என்பது நீண்ட இடைவெளி.

கோலி சோடா பாட்டிலை இதற்குப் பயன்படுத்தலாமா என்று இளைஞர்கள் சிலர் ஆசையாகக் கேட்டார்கள். ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1870களில் கண்டுபிடித்த அந்த பாட்டில் அழுத்தம் தாங்கும், சந்தேகமில்லை. ஆனால் கோலியைக் கழுத்து ரப்பரில் இறுக்கி நிறுத்துவதே உள்ளிருக்கும் வாயுதான். மெஷினில் தலைகீழாகக் கவிழ்த்து, வாயுவோடு நிரப்புவதால் அது மூடிக்கொள்கிறது. நம் பானம் அடைக்கும்போது வாயு இல்லாமல் இருக்கிறதே. கோலி அடியிலேயே கிடக்கும், வரும் வாயு வெளியே போய்க்கொண்டிருக்கும்.

எவர்சில்வர் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறீர்கள். வாயு வெளியேறும் வேலைக்கு, அதாவது முதல் ஊறலுக்கும் தெளிய வைப்பதற்கும், 304 தர எவர்சில்வர் நல்ல பாத்திரம். விலை மலிவான 202 தரத்தில் நிக்கல் குறைவு. புளிப்பில் நாள்கணக்கில் கிடந்தால் புள்ளி புள்ளியாக அரிக்கலாம். காந்தம் வைத்துப் பார்த்து வாங்குகிறேன் என்பார்கள். இரண்டு தரத்திலுமே பொதுவாகக் காந்தம் ஒட்டாது, ஆகவே அந்தச் சோதனை பயன்படாது. தரம் பொறித்த பாத்திரமாகக் கேட்டு வாங்குங்கள். வாயுவை அடைத்து வைக்க வீட்டு எவர்சில்வர் டப்பா எதுவும் உதவாது. குக்கரை அந்த வேலைக்கு எடுக்கும் எண்ணமே வேண்டாம். அலுமினியம், பித்தளை, செம்பு மூன்றும் புளிப்பில் கரைந்து பானத்தில் இறங்கும். பழைய அலுமினியப் பால் கேன் பார்ப்பதற்கு எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் சரி, விட்டுவிடுங்கள்.

பீங்கான் ஊறுகாய் ஜாடி வினிகருக்கு ஏற்றது. வினிகரின் இரண்டாம் கட்டத்தில் காற்று உள்ளே வர வேண்டும். அன்னாசித் தோலோ கரும்புச் சாறோ முதலில் நொதித்து, பிறகு காற்றுப்பட்டுத்தான் புளிக்காடியாக மாறுகிறது. அகன்ற வாய், மேலே இழைநெருக்கமான துணி, ஒரு ரப்பர் பேண்ட், அவ்வளவுதான். உணவுக்கென்று விற்கும் ஜாடியாக வாங்குங்கள். அலங்கார ஜாடிகளின் வண்ணப் பூச்சில் ஈயம் கலந்திருக்கலாம், புளிப்பு அதை இழுத்துவிடும். கோடையில் ஜி.எஸ்.டி. சாலை ஓரம் குவித்து விற்கும் மண்பானை பழைய சோற்றுக்கு ஈடு இணையில்லாதது. நுண்துளை உள்ளது என்பதால் வாயு அடைக்க உதவாது, நன்றாகக் கழுவவும் முடியாது.

மண்பானையில் மூடி நொதிக்கவைத்த மரபு நம்மிடம் இல்லாமல் இல்லை. ஆசவம், அரிஷ்டம் என்ற மருந்துகளை அப்படித்தான் செய்தார்கள். பானையின் உட்புறம் நெய் பூசி, புகை காட்டி, காட்டாத்திப் பூ சேர்த்து, மேலே வெற்றிடம் விட்டு நிரப்பி, வாயைத் துணியும் மண்ணும் கொண்டு சீலைமண் செய்து, நெற்குவியலுக்குள்ளோ மண்ணுக்குள்ளோ ஒரு மாதம் போலப் புதைத்து வைத்தார்கள். அந்த ஒவ்வொரு செயலுக்கும் காரணம் இருக்கிறது. நெய் துளைகளை அடைக்கிறது. வெற்றிடம் நுரைக்கு இடம் தருகிறது. நெல்லும் மண்ணும் வெயிலின் ஏற்ற இறக்கம் பானைக்குப் போகாமல் தடுக்கின்றன. பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்ததோடு நிற்காமல், அது இருக்கும் இடத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். நம் தாம்பரம் சானடோரியத்திலேயே 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. திருவான்மியூரில் 1944இல் தொடங்கிய இம்காப்ஸ் கூட்டுறவு மருந்தகம் இருக்கிறது. கண்ணாடிக் குடுவையைத் தேடி வெளிநாட்டுப் புத்தகத்துக்குப் போகிறவர்கள், ஒருதரம் அரிஷ்டம் செய்யத் தெரிந்த வைத்தியரிடமும் கேட்டுப் பாருங்கள் என்பது என் வேண்டுகோள். சமையலறையில் மிகக் குளிர்ந்த மூலை எது என்று தெரிந்துகொள்வது புது பாட்டில் வாங்குவதை விடப் பயன்படும். பெரும்பாலும் அது தரைமட்டத்தில், மேற்குச் சுவரை விட்டுத் தள்ளி இருக்கும்.

விற்பனை செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று. சர்க்கரையிலிருந்து வாயு மட்டும் வருவதில்லை, ஆல்கஹாலும் கூடவே வருகிறது. ஒவ்வொரு பங்கு வாயுவோடும் ஏறத்தாழ கால் சதவீதம். இறுக்கி மூடிய பாட்டிலில் காற்று இல்லாததால், கொம்புச்சாவில் அதைப் புளிப்பாக மாற்றும் பாக்டீரியாவுக்கும் வேலை நடக்காது. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி 0.5 சதவீதத்துக்கு மேல் போனால் அது மதுபானம். பியர் அளவுக்குச் 'சுர்ர்' என்று இருக்க வேண்டும் என்று 2.5 பங்கு வரை விட்டால் அந்த எல்லையைத் தாண்டியிருப்பீர்கள். அமெரிக்காவில் 2010இல் இந்தக் காரணத்துக்காகவே கொம்புச்சா பாட்டில்களைப் பெரிய கடைகள் அலமாரியிலிருந்து எடுத்தன. ஒன்றரைப் பங்கோடு நிறுத்துங்கள், நுரை மெலிதாக இருக்கும், பரவாயில்லை. ஆனால் அந்தப் பாட்டில் வாங்கியவரின் மேசையில் வெயிலில் கிடந்தால் மேலும் நொதிக்கும். குளிரிலேயே கொடுத்து, குளிரிலேயே வைக்கச் சொல்லி, தயாரித்த நாளை எழுதி ஒட்டுங்கள். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும், ஆல்கஹால் அறவே தவிர்ப்பவர்களுக்கும் இதில் சிறிதளவு உண்டு என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கொடுப்பது தவறு.

கடைசியாக, இதைப் படிக்கும் இந்த நேரத்தில் உங்கள் வீட்டில் கண்ணாடி பாட்டிலில் அடைத்து வெளியே வைத்த பானம் இருக்கிறதா? எத்தனை நாளாயிற்று என்று சரியாக நினைவில்லையா? இப்போதே திறக்க வேண்டாம். கண்ணுக்கு மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கெட்டியான துண்டால் பாட்டிலைச் சுற்றி எடுத்து, ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வையுங்கள். இரவு முழுக்கக் குளிரட்டும், அழுத்தம் இறங்கும். மறுநாள் அதே துண்டோடு சிங்க்கில் வைத்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, மூடியை மெதுவாக விடுங்கள். பிள்ளைகளை அந்த நேரம் சமையலறைக்குள் விடாதீர்கள். இந்த மடலை உங்கள் குடியிருப்பில் பானம் ஊறவைக்கும் இன்னொருவருக்கும் காட்டுங்கள்.

அன்புடன்,
இரும்புலியூர்வாசி ஒருவர்